வெள்ளை ஈக்கு மருந்து அடித்துக் குளவியைக் கொல்லாதீர்கள்

‘தென்னை மட்டை கறுத்துப்போச்சுங்க, என்ன மருந்து அடிக்கலாம்?’ ஆனைமலை, கிணத்துக்கடவு, உடுமலைத் தோப்புகளிலிருந்து இன்னும் இதே கேள்விதான். அடிக்காதீர்கள்.

அந்தக் கறுப்பு நோயே அல்ல. சுருள் வெள்ளை ஈ ஓலையின் அடிப்பக்கம் உட்கார்ந்து சாறு உறிஞ்சுகிறது. அதன் இனிப்பான கழிவு கீழ்மட்டைகளில் சொட்ட, அதன்மேல் கரும்பூசணம் படர்கிறது. பூசணம் ஓலைக்குள் இறங்குவதில்லை. நகத்தால் சுரண்டினால் வந்துவிடும், அடியில் ஓலை பச்சையாகவே இருக்கும். இதற்குப் பூசணக்கொல்லி வாங்குவது வீண் செலவு. லிட்டருக்கு 25 கிராம் மைதாவைக் காய்ச்சிக் கரைத்துத் தெளித்தால், காய்ந்து உரியும்போது கறுப்பும் சேர்ந்தே உதிரும்.

இந்தியாவில் இந்த ஈயை முதலில் கண்டது 2016-ல், பொள்ளாச்சியில். இது நிலைத்ததற்குக் காரணம் முட்டையிடும் முறை. ஓலையடியில் சுருள் சுருளாக இட்டு, வெள்ளை மெழுகால் மூடுகிறது. ஆணோடு சேராத பெண் இட்ட முட்டையும் பொரிக்கும். அதில் ஆண் பிறக்கும். குஞ்சு சற்று ஊர்ந்து ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டால் ஈயாகும் வரை நகராது. ஒரே ஓலையில் எல்லாப் பருவமும் இருக்கும். அடித்த மருந்துக்குத் தப்பியவை ஒன்றரை மாதத்தில் மறுபடி தோப்பை நிறைக்கும்.

மருந்தில் சாவது, இந்த ஈயை அழிக்கும் என்கார்சியா என்ற குளவி. ஒரு மில்லிமீட்டர்கூட இராது. ஈக்குஞ்சின் உடலுக்குள்ளேயே முட்டை வைக்கும். அதில் பொரிக்கும் புழு அந்த ஈக்குஞ்சைத் தின்று வளரும். மெழுகுப் போர்வை அதற்கு இல்லை. மருந்தடித்த தோப்பில் ஈ முன்னைவிடப் பெருகுவது இதனால்தான். கைலென்ஸில் ஈக்குஞ்சுகளின் காலிக் கூடுகளைப் பாருங்கள்: வட்டத் துளை இருந்தால் குளவி வெளியேறியது, கூடு பிளந்திருந்தால் ஈ. வட்டத் துளைகள் நிறைய இருந்தால் தயவுசெய்து தோப்பில் எதுவும் அடிக்காமல் விட்டுவிடுங்கள்.

குறைவாக இருந்தால், உள்ளே குளவி வளரும் ஈக்கூடுகள் உள்ள ஓலைத்துண்டை 10 மரத்துக்கு ஒன்று கட்டுங்கள். அதற்கு ஆழியாறு தென்னை ஆராய்ச்சி நிலையத்தில் விசாரியுங்கள். ஈ வந்து ஒட்டிக்கொள்ள, ஐந்தடிக்கு ஒன்றரையடி மஞ்சள் தாளில் விளக்கெண்ணெய் தடவி, ஏக்கருக்கு 8 வீதம், ஆறடி உயரத்தில் கட்டலாம். எண்ணெய் காய்ந்தால் மறுபடி தடவ வேண்டும், பலர் இதை மறந்துவிடுகிறார்கள். இளமரங்களுக்கு ஓலையடியில் வேகமாகத் தண்ணீர் பீய்ச்சினாலே பாதி வேலை முடியும்.

தென்னங்கன்று வாங்குகிறவர்களே, வண்டியில் ஏற்றும் முன் ஒவ்வொரு ஓலையையும் திருப்பிப் பாருங்கள். வெள்ளைச் சுருள் இருந்தால் அந்தக் கன்றை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.