சுருதி பிசகாத ஆசிலேட்டர் எது?

மாடுலர் சிந்தசைசருக்கு (தனித்தனி பெட்டிகளை வயரால் இணைத்து ஒலி உருவாக்கும் கருவி) அனலாக் ஆசிலேட்டர், அதாவது ஒலி அலையைப் பிறப்பிக்கும் சர்க்யூட், வாங்குபவரும் சரி, கட்டுபவரும் சரி, முதலில் பார்ப்பது அது எத்தனை அலை வடிவம் தரும் என்பதைத்தான். அதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. பெங்களூரில் ஏப்ரல் மதியம் 34 டிகிரி, விடியற்காலை 22. இந்த 12 டிகிரிக்குள் அது சுருதியில் நிற்குமா?

பெரும்பாலான மாடுலர்களில் 1 வோல்ட் கூடினால் ஒரு ஸ்தாயி ஏற வேண்டும், அதாவது அதிர்வெண் இரட்டிக்க வேண்டும். இதைச் செய்வது ஒரு ட்ரான்சிஸ்டர். அதன் பேஸ்-எமிட்டர் மின்னழுத்தம் சுமார் 18 மில்லிவோல்ட் கூடினால் மின்னோட்டம் இரட்டிக்கும், அதோடு அதிர்வெண்ணும். எனவே உள்ளே வரும் 1 வோல்ட்டை 18 மில்லிவோல்ட்டாகக் குறைத்துக் கொடுக்கிறோம். ஆனால் அந்த 18 நிலையான எண் அல்ல, டிகிரிக்கு 0.33 சதவீதம் ஏறும். 12 டிகிரிக்கு 4 சதவீதம். அடிச் சுருதிக்கு 3 ஸ்தாயி மேலே வாசித்தால் 140 சென்ட்டுக்கும் மேல் இறங்கி ஒலிக்கும். ஒரு அரைச்சுரமே 100 சென்ட்தான். 3300 பிபிஎம் (பத்து லட்சத்தில் 3300 பங்கு, அதாவது டிகிரிக்கு 0.33 சதவீதம்) டெம்ப்கோ ரெசிஸ்டர் இதற்காகவே வந்தது. சூடு ஏறும்போது அதன் மின்தடையும் அதே விகிதத்தில் ஏறிக் கணக்கை நேர்செய்யும். அது ட்ரான்சிஸ்டரைத் தொட்டபடி இருக்க வேண்டும். போர்டின் மறுகோடியில் இருந்தால் பயனில்லை.

முதல் ட்ரான்சிஸ்டரின் மின்னழுத்தம் சூட்டில் நகர்வதை ஈடுகட்ட இரண்டாவது ட்ரான்சிஸ்டர் ஒன்றும் ஜோடியாக உண்டு. ஜோடி பொருத்த மல்டிமீட்டரோடு மணிக்கணக்கில் உட்காரத் தேவையில்லை. 2 மில்லிவோல்ட் வித்தியாசம் ட்யூனிங் குமிழிலேயே சரியாகிவிடும். ஆனால் இரண்டுக்கும் இடையே 1 டிகிரி வெப்ப வித்தியாசம் வந்தால் அதுவும் 2 மில்லிவோல்ட்தான், சுமார் 130 சென்ட். ஃபேன் காற்று திசை மாறும்போதெல்லாம் அதுவும் மாறும். இரண்டு பிசி 547 ட்ரான்சிஸ்டர்களின் தட்டை முகங்களைச் சேர்த்து எபாக்சியால் ஒட்டி, மேலே ஹீட் ஷ்ரிங்க் குழாய் போடுங்கள். பொருத்தத்தைவிட இந்த ஒட்டுதான் சுருதியைக் காக்கும்.

அடுத்தது கோர், அதாவது அந்த மின்னோட்டத்தால் ஒரு கெப்பாசிட்டரை நிரப்பி அலையை உருவாக்கும் பகுதி. ரம்பப்பல் கோரில் கெப்பாசிட்டர் சீராக நிரம்பி, உச்சம் தொட்டதும் சட்டென்று காலியாகும். காலியாக 1 மைக்ரோ செகண்ட் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 250 ஹெர்ட்ஸில் அது காதுக்கே தெரியாது. 4000 ஹெர்ட்ஸில் ஒரு சுற்றே 250 மைக்ரோ செகண்ட்தான் என்பதால் 7 சென்ட் இறங்கிவிடும். 1 நானோஃபாரட் கெப்பாசிட்டரோடு தொடராக 1 கிலோஓம் போட்டால், அந்த 1 மைக்ரோ செகண்ட் முன்னதாகவே உச்சம் வந்துவிடும். ஹார்ட் சிங்க் (ஒரு ஆசிலேட்டர் இன்னொன்றின் சுற்றைப் பாதியிலேயே மறுபடி தொடங்க வைப்பது) பிடித்தவர்களுக்கு இந்தக் கோர்தான் ஏற்றது. குறை என்னவென்றால், ரம்பப்பல்லை மடித்து முக்கோணம் ஆக்கும்போது காலியாகும் நொடியில் ஒரு சிறு முள் மிஞ்சும். சைன் அலையில் அது மெல்லிய இரைச்சலாகக் கேட்கும்.

முக்கோணக் கோரில் மின்னோட்டம் திசை மாறி ஏறி இறங்குவதால் அந்த முள் இல்லை, சைன் சுத்தம். பூஜ்யம் தாண்டும் எஃப்எம் (அதிர்வெண்ணை இன்னொரு அலையால் ஆட்டி, பூஜ்யத்துக்குக் கீழும் கொண்டுபோவது) வேண்டுமானால் இதையே எடுங்கள். மேல் ஸ்தாயியில் இதிலும் உச்சம் தொட்டதைக் கண்டறியும் கம்பேரேட்டரின் தாமதத்தால் அலை சற்றுப் பெரிதாகும், சுருதி இறங்கும்.

முதல் ஆசிலேட்டருக்கு, இவை பெரும்பாலும் உள்ளடங்கிய 3340 சிப்பே போதும். 1980-இல் வந்த ப்ராஃபெட்-5 சிந்தசைசரின் மூன்றாம் பதிப்பில் இருந்த சிஇஎம் 3340, 2016-இல் மீண்டும் தயாரிப்புக்கு வந்தது. லாட்வியாவின் ஆல்ஃபா நிறுவனம் ஏஎஸ் 3340 செய்கிறது. வெப்பத் திருத்தம் உள்ளேயே உண்டு. மைனஸ் 12 வோல்ட்டை மட்டும் நேரே கொடுக்காதீர்கள். 680 ஓம் அளவில் ஒரு ரெசிஸ்டர் வழியாகத்தான் போக வேண்டும்.

பெங்களூர் எஸ்.பி. ரோட்டு எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் வெறுமனே ‘102’ (1 நானோஃபாரட்டின் குறியீடு) என்று கேட்டால் சாதாரண செராமிக் கெப்பாசிட்டர் கைக்கு வந்துவிடலாம். சூட்டுக்கு அதன் மதிப்பு அலையும். சூட்டுக்கு அசையாத வகைகளான சி-ஜீரோ-ஜி அல்லது பாலிஸ்டைரீன் என்று பெயர் சொல்லியே கேளுங்கள்.

ட்யூனிங்குக்கு முன் 20 நிமிடம் ஓட விடுங்கள். 1 வோல்ட்டில் 110 ஹெர்ட்ஸ் வைத்து, 4 வோல்ட் கொடுங்கள். 880 வர வேண்டும். கூடினால் ஸ்கேல் பிரீசெட்டை (வோல்ட்டுக்கு ஒரு ஸ்தாயி என்பதைச் சரிசெய்யும் சிறு திருகு) குறைத்து, மறுபடி 110-ஐச் சரிசெய்யுங்கள். நான்கைந்து முறை மாறி மாறிச் செய்தால் இரண்டும் நிற்கும். இடையில் ட்ரான்சிஸ்டரை விரலால் தொட்டுவிட்டால், சூடு ஆறும்வரை காத்திருந்து மறுபடி தொடங்குங்கள்.