கணக்குப்பிள்ளையைக் குறை சொல்லும் முன்

அண்மையில் ஒருவர் கக்கத்தில் அட்டைப்பெட்டியுடன் பட்டறைக்குள் வந்தார். பெட்டிக்குள், என்ஜினுக்குள் போகும் காற்றை அளக்கும் புத்தம்புதிய ஏர் ஃப்ளோ மீட்டர். அவருடைய காருக்கு அது இரண்டாவது. முதலாவதை வேறோர் இடத்தில் மாற்றி மூன்று வாரம்கூட ஆகவில்லை. அதற்குள் செக் என்ஜின் விளக்கு மறுபடியும் எரிந்துவிட்டது. "போன தடவை போட்டது மட்டமான சரக்கு போலிருக்கிறது அண்ணா, இதைப் போட்டுவிடுங்கள்" என்றார். பெட்டியைப் பிரிக்காதீர்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு பானெட்டைத் திறந்தேன்.

காரில் பதிவாகும் பிழைகளைப் படிக்கும் ஸ்கேனரைச் செருகினால் பி0171. கலவையில் பெட்ரோல் குறைவு, காற்று அதிகம் என்பதற்கான பிழைக் குறியீடு அது. மீட்டர் கெட்டுவிட்டது என்று அதில் எங்கும் சொல்லப்படவில்லை. ஆனால் காற்று என்ற பேச்சு வந்தாலே பலருடைய கை நேராக மீட்டருக்குத்தான் போகிறது. கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது, இரண்டு ஸ்குரூவில் கழன்றுவிடுகிறது, வேறென்ன வேண்டும்?

பெட்ரோல் என்ஜினில் 1 கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று தேவை. லிட்டரில் சொன்னால், 1 லிட்டர் பெட்ரோலுக்கு 9,000 லிட்டர் காற்று. பெட்ரோலை அளந்து ஊற்ற ஈசியு (என்ஜினை நடத்தும் கணினி) இருக்கிறது; உள்ளே வந்த காற்று எவ்வளவு என்று அதற்கு யாராவது கணக்கு கொடுக்க வேண்டும். ஏர் ஃபில்டர் பெட்டிக்கும் திராட்டிலுக்கும் (மிதிக்கும் அளவுக்குக் காற்றைத் திறந்துவிடும் கதவு) நடுவே உட்கார்ந்து வரவை எழுதும் கணக்குப்பிள்ளைதான் இந்த மீட்டர். இன்றைய மீட்டர்களில் சூடேற்றிய மெல்லிய கம்பியோ படலமோ இருக்கும். கடந்து போகும் காற்று அதைக் குளிர்விக்கிறது. சூடு இறங்காமல் காக்க எவ்வளவு மின்சாரம் செலவாகிறது என்பதை வைத்துக் காற்றின் எடை கணிக்கப்படுகிறது. வினாடிக்கு இத்தனை கிராம் என்று ஸ்கேனரில் அதைப் பார்க்கலாம். (எல்லாக் கார்களிலும் மீட்டர் இருக்காது. சிலவற்றில் மேனிஃபோல்டு, அதாவது காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்து அனுப்பும் குழாய், அதன் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரே போதும். இல்லாத மீட்டரைச் சுத்தம் செய்து தரச் சொல்லி வந்தவர்களும் உண்டு.)

கணக்குப்பிள்ளை வாசலில் உட்கார்ந்திருப்பவர். கொல்லைப்புறமாக நுழையும் காற்று அவருடைய ஏட்டில் ஏறாது. அந்தக் காரில் ஐடிலிங்கில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் என்ஜின் ஓடும்போது) ஃப்யூயல் ட்ரிம் +19 சதவீதம் காட்டியது. அதாவது, மீட்டர் சொன்ன கணக்கு போதாமல், வெளியேறும் புகையில் மிஞ்சிய ஆக்சிஜனைப் பார்க்கும் ஆக்சிஜன் சென்சாரின் பேச்சைக் கேட்டு ஈசியு 19 சதவீதம் கூடுதலாகப் பெட்ரோல் ஊற்றிக்கொண்டிருந்தது. 2,500 ஆர்பிஎம்மில் பிடித்து நிறுத்தினால் அது +5-க்கு இறங்கியது. இந்த இறக்கம்தான் துப்பு. திராட்டிலுக்குப் பிறகு ஓட்டை இருந்தால், ஐடிலிங்கில் மேனிஃபோல்டின் உறிஞ்சல் பலமாக இருப்பதால் அதன் வழியே கணிசமாகக் காற்று புகும். என்ஜின் அப்போது மொத்தமாக இழுப்பதே வினாடிக்கு 2, 3 கிராம்தான். அதில் திருட்டுக் காற்றின் பங்கு பெரிதாகத் தெரியும். வேகம் கூடக்கூட மொத்த வரவு பெருகி, அந்தப் பங்கு கரைந்துபோகும்.

என்ஜினுக்குள் சேரும் எண்ணெய் ஆவியை வெளியேற்றும் பிசிவி வால்விலிருந்து இன்டேக் மேனிஃபோல்டுக்குப் போகும் ரப்பர் ஹோஸ் ஒன்று முழங்கைபோல் வளைந்திருந்தது. மேலே பார்த்தால் பளபளவென்று குறையே தெரியவில்லை. விரலை அடிப்பக்கம் விட்டுத் தடவினேன். நகம் ஒரு பிளவில் இறங்கியது. எண்ணெய் ஆவியில் பல ஆண்டுகள் ஊறி ரப்பர் பஞ்சுபோல் இளகிக் கிழிந்திருந்தது. அந்த இடத்தை அழுத்திப் பிடித்ததும் ஐடிலிங் சீரானது, ட்ரிம் இறங்கத் தொடங்கியது. மாற்ற வேண்டியது அந்தச் சின்ன ஹோஸ் மட்டும்தான்.

மீட்டரே குற்றவாளியாக இருப்பதும் உண்டு. அப்போது எண்கள் வேறு மாதிரி நடந்துகொள்ளும். இன்னொரு காரில் புகார் இது: தெருவில் மெதுவாக ஓட்டும்போது ஒன்றும் தெரியாது, ஏற்றத்தில் மிதித்தால் மூச்சு வாங்கும். ஐடிலிங்கில் ட்ரிம் ஏறக்குறைய பூஜ்யம். சுமை ஏற ஏற +8, +12, +17 என்று ஏறியது. அழுக்குப் போர்வைக்குள் இருக்கும் கம்பியால் பலமான காற்றை உணர முடியாமல், அது கணக்கைக் குறைத்து எழுதிக்கொண்டிருந்தது. முழு மிதியில் மீட்டர் எவ்வளவு காட்ட வேண்டும் என்பதற்கு நான் வைத்திருக்கும் தோராயக் கணக்கு, குதிரைத்திறனை 0.8-ஆல் பெருக்குவது. 100 குதிரைத்திறன் பெட்ரோல் என்ஜின் உச்ச வேகத்தில் வினாடிக்கு 80 கிராமை ஒட்டிக் காட்ட வேண்டும். அந்தக் காரின் மீட்டர் 55-ஐத் தாண்டவில்லை. சுத்தம் செய்த பிறகு 76 காட்டியது. முழு மிதியில் பெரும்பாலான ஈசியுக்கள் ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்து உடனுக்குடன் திருத்துவதை நிறுத்திவிடும். மீட்டர் செய்யும் பிழை அப்போது கலவையை நேரடியாகக் கெடுக்கும். சுமையில் பெட்ரோல் குறைந்த கலவை என்றால் நாக்கிங் (கலவை தாறுமாறாக வெடித்து எழும் தட்டல்), பிறகு பிஸ்டன் சேதம் என்று போய் முடியலாம்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. எண் குறைவாக இருந்தும் ட்ரிம் ஒழுங்காக இருந்தால் மீட்டரைத் தொடாதீர்கள். புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் அடைத்திருக்கலாம், ஃபில்டர் மண்ணாகியிருக்கலாம். கணக்கு சரி, வரவுதான் குறைவு. மீட்டருக்கும் திராட்டிலுக்கும் இடையிலுள்ள பெரிய ரப்பர் பெல்லோஸின் மடிப்புகளையும் விரித்துப் பாருங்கள். நின்ற நிலையில் மூடிக்கிடக்கும் வெடிப்பு, கியர் போட்டு என்ஜின் சாயும்போதுதான் வாய் திறக்கும்.

சுத்தம் செய்வது பெரிய வித்தை இல்லை, ஆனால் பொறுமையில்லாத கையால் அங்கே நிறையச் சேதம் நடக்கிறது. மீட்டருக்கென்றே விற்கும் ஸ்ப்ரேயை மட்டும் பயன்படுத்துங்கள். கார்புரேட்டர் கிளீனரும் பிரேக் கிளீனரும் வேண்டாம். அவை பிளாஸ்டிக்கையும் மேற்பூச்சையும் தின்னக்கூடும். சாவியை அணைத்து, என்ஜின் ஆறிய பிறகு கனெக்டரைக் கழற்றி, மீட்டரை வெளியே எடுத்துத் தள்ளிப் பிடித்து அடியுங்கள். காதுக்குப் பயன்படுத்தும் பஞ்சுக் குச்சியுடன் ஒருவர் அதைத் துடைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்துப் பதறியிருக்கிறேன். பழைய ஹாட் வயர் மீட்டரின் பிளாட்டினக் கம்பியே 0.07 மில்லிமீட்டர் தடிமன்தான், கிட்டத்தட்ட ஒரு தலைமுடி. பின்னால் வந்த ஹாட் ஃபிலிம் வகையில் உணரும் படலம் அதைவிடப் பல மடங்கு மெல்லியது. கம்ப்ரஸர் காற்றை அதன்மேல் அடித்தால் அத்தோடு தீர்ந்தது. ஸ்ப்ரே தானாக ஆவியாகி முழுக்க உலர்ந்த பிறகே திரும்ப மாட்டுங்கள். ஈரத்துடன் சாவியைத் திருப்பினால், எளிதில் தீப்பற்றும் திரவத்தின் நடுவே ஒரு சூடான கம்பியை உயிர்ப்பிக்கிறீர்கள். மாட்டும்போது மீட்டரின் உடம்பிலுள்ள அம்புக்குறி என்ஜினைப் பார்க்க வேண்டும். காற்று கசியாமல் காக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் நசுங்கியிருந்தால் மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் நீங்களே ஒரு கொல்லை வாசலைத் திறந்துவிட்டவர் ஆவீர்கள்.

எண்ணெய் தடவிய பந்தய வகை ஃபில்டர் போட்ட கார்களில் இந்த அழுக்கை அடிக்கடி பார்க்கிறேன். கழுவிய பிறகு தாராளமாக எண்ணெய் பூசினால் அது காற்றோடு பறந்து கம்பியில் ஒட்டும், தூசியையும் பிடித்து வைக்கும்.

சுத்தம் செய்தும் சரியாகவில்லையா? வயரைப் பாருங்கள். மீட்டரின் சிக்னல் மிகக் குறைவு, மிக அதிகம் என்று சொல்லும் பி0102, பி0103 போன்ற குறியீடுகள் வந்தால் நான் முதலில் பிடிப்பது மல்டிமீட்டரைத்தான். சப்ளை வருகிறதா, எர்த் உறுதியாக இருக்கிறதா, கனெக்டர் பின்னில் பச்சை பூத்திருக்கிறதா? பல ஹாட் ஃபிலிம் மீட்டர்களில் சாவி போட்டு என்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் இருக்கும்போது சிக்னல் 1 வோல்ட்டை ஒட்டி இருக்கும். எந்தக் காற்றும் ஓடாதபோதே அது தெளிவாக விலகி நின்றால் மீட்டரைச் சந்தேகிக்கலாம். கனெக்டரைக் கழற்றிவிட்டு ஓட்டிப்பார்க்கும் பழைய சோதனையும் உதவும்: ஈசியு அப்போது திராட்டில் நிலையையும் ஆர்பிஎம்மையும் வைத்து மனக்கணக்குப் போடும். மீட்டர் இல்லாமல் வண்டி நன்றாக ஓடினால் சந்தேகம் வலுக்கிறது. ஆனால் அது மட்டுமே சாட்சியாகாது.

1970, 80களின் கார் வைத்திருப்பவர்களுக்கு வேறு கதை. போஷ் எல்-ஜெட்ரானிக் அமைப்பில் (எல் என்பது லுஃப்ட், ஜெர்மன் மொழியில் காற்று) கம்பி கிடையாது. காற்று தள்ள ஒரு கதவு திறக்கும். அதன் அச்சில் உள்ள கை ஒரு கரித்தடத்தின்மேல் நகர்ந்து வோல்ட்டேஜை மாற்றும். அந்தத் தடம் எங்கே தேயும் தெரியுமா? ஐடிலிங்கிலும் சாதாரண ஓட்டத்திலும் கை எங்கே நிற்குமோ அங்கே. கறுப்பு மூடியைப் பிளேடால் மெல்லப் பெயர்த்தால், கரியில் நகக்கீறல்போல ஒரு வெளுத்த கோடு தெரியும். முள் உள்ள பழைய மல்டிமீட்டரை இணைத்து, கதவை விரலால் மெதுவாகத் தள்ளிப் பாருங்கள். முள் வழுக்கிக்கொண்டு ஏற வேண்டும். துள்ளும் இடத்தில்தான் வண்டி திணறுகிறது. கையின் நுனியை அரை மில்லிமீட்டர் நகர்த்தித் தேயாத கரிமேல் ஓடவிடுவது நான் விரும்பிச் செய்யும் வேலை. கரியில் உப்புத்தாள் போடாதீர்கள். பக்கத்தில் இருக்கும் பல்சக்கரம் ஸ்பிரிங்கின் இறுக்கத்துக்கானது. அதைத் தொடுவதற்கு முன் பெயின்ட்டால் ஓர் அடையாளம் வையுங்கள். ஒரு பல் நகர்ந்தாலும் எல்லா வேகத்திலும் கலவை மாறும்.

இனி, பெரிய மீட்டர் போட்டால் பவர் கூடுமா என்ற கேள்வி. தன்னைத் தொட்டுப் போகும் காற்று எவ்வளவு வேகமாக, எவ்வளவு அடர்த்தியாகப் போகிறது என்பதைத்தான் கம்பி உணர்கிறது. குழாயின் அகலம் இவ்வளவு என்பது ஈசியுவின் அட்டவணையில் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது. 70 மில்லிமீட்டர் குழாயை எடுத்துவிட்டு அதே சென்சாரை 80 மில்லிமீட்டர் குழாயில் மாட்டினால் பரப்பு சுமார் 31 சதவீதம் கூடுகிறது. அதே காற்று இப்போது மெதுவாகப் போகிறது. ஈசியு உண்மையைவிட ஏறத்தாழ 23 சதவீதம் குறைவாகக் கணக்கு போடும். பெட்ரோல் குறையும், சுறுசுறுப்பு கூடியதுபோல் ஓரிரு நாள் தோன்றலாம், பிறகு நாக்கிங் சத்தம் வரும். டர்போ அழுத்தத்தைக் கூட்டி, பழைய மீட்டரின் சிக்னல் 5 வோல்ட்டைத் தொட்டு நின்றுவிடும் நிலை வந்தால் பெரிய மீட்டர் நியாயமான தேவைதான். அப்போதும் புதிய மீட்டருக்கான அட்டவணையை ஈசியுவில் ஏற்றி, வைட்பேண்ட் லாம்ப்டா சென்சாரை (கலவையின் அளவைத் துல்லியமாகக் காட்டும் ஆக்சிஜன் சென்சார்) வைத்துச் சரிபார்த்துத் தருபவர் இருந்தால் மட்டுமே தொடுங்கள். மீட்டருக்கு முன்னால் இருக்கும் வலையைக் காற்றுக்குத் தடை என்று பிய்த்துப் போடுபவர்களும் இருக்கிறார்கள். காற்று சுழலாமல் நேராகக் கம்பியைக் கடக்கவே அந்த வலை. சிக்னல் வயரில் ஒரு ரெசிஸ்டரைச் சேர்த்து "பவர் சிப்" என்று விற்கும் பொருளைப் பற்றி எழுதக் கோபம்தான் வருகிறது. அது கணக்குப்பிள்ளையின் ஏட்டில் பொய்க்கையெழுத்துப் போடும் வேலை.

டீசல் கார்களில் மீட்டரின் பொறுப்பு சற்று வேறு: புகை வராமல் எவ்வளவு டீசல் தரலாம் என்பதற்கும், வெளியேறும் புகையில் ஒரு பகுதியை என்ஜினுக்கே திருப்பி அனுப்பும் இஜிஆர் வால்வு எவ்வளவு திறக்கலாம் என்பதற்கும் ஈசியு அதைக் கேட்கிறது. அது கெட்டால் வண்டி சோம்பலாகும். மேலே சொன்ன ட்ரிம் சோதனை அங்கே பொருந்தாது.

அட்டைப்பெட்டிக்காரர் பிரிக்காத பெட்டியைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொண்டார். வண்டியை எடுக்க வந்த அன்று, முதல் முறை மாற்றியபோது கழற்றிய பழைய மீட்டர் எங்கே என்று கேட்டேன். காருடன் வந்த அசல் பாகம் அது. அநேகமாக ஒரு குறையும் இல்லாதது. "அதை அங்கேயே குப்பையில் போட்டுவிட்டார்கள் அண்ணா" என்றார்.