உள்ளே போய்த் தாழ் போடும் மருந்து

குளியலறையில் வழுக்கி விழுந்த மாமியாருக்குத் தொடை எலும்பின் கழுத்து முறிந்துவிட்டது. ஆம்புலன்ஸ் ஒவ்வொரு வேகத்தடையில் ஏறி இறங்கும்போதும் அலறினார் என்று ஒரு வாசகி எழுதியிருந்தார். ஆஸ்பத்திரி வரும்வரை காலை மரத்துப்போக வைக்க முடியாதா என்பது அவர் கேள்வி.

முடியும். பிரான்ஸில் டாக்டரே ஏறி வரும் அவசர வண்டிகளில் இது உண்டு. வேல்ஸின் ஸ்வான்சியில் ஆம்புலன்ஸில் வரும், டாக்டர் அல்லாத பணியாளர்களான பாராமெடிக்குகளே போடுவதையும் சோதித்துப் பார்த்தார்கள். மார்ஃபின் என்ற வலி மருந்தைக் கொடுக்கலாம்தான், ஆனால் வயதானவர்களுக்கு மூச்சு மந்தமாகும், புத்தி தடுமாறும்.

ஊசியை நரம்பில் குத்துவதில்லை. கவட்டிக்குச் சற்றுக் கீழே, தமனியிலிருந்து தள்ளி, முனை மழுங்கிய ஊசியை இறக்குவார்கள். 'டப்' என்று ஒரு சவ்வு விடும். இன்னொரு 'டப்', அடுத்த சவ்வு. அந்த இரண்டாவதன் அடியில் 30, 40 மில்லி மருந்தைச் செலுத்தினால், பாய்க்கு அடியில் தண்ணீர் பரவுவதுபோல் பரவித் தொடை நரம்பை நனைத்துவிடும். அரை மணி நேரத்துக்குள் வலி தணியத் தொடங்கும்.

அப்புறம் நடப்பதுதான் எனக்குப் பிடித்த இடம். வலிச் செய்தி ஓட, நரம்பிழையில் சோடியம் உள்ளே பாயும் வாசல்கள் திறந்தாக வேண்டும். மரத்துப்போக வைக்கும் இந்த மருந்துக்கு அந்த வாசலில் வெளியிலிருந்து பூட்டு இல்லை. உள்ளே போய்த்தான் தாழ் போட முடியும். மின்னூட்டம் உள்ள மூலக்கூறோ நரம்பிழையின் கொழுப்புச் சுவரை எளிதில் தாண்டாது. இவ்வகை மருந்தான லிக்னோகைனை உதாரணமாகப் பார்ப்போம்: உடம்பில் அதன் மூலக்கூறுகளில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு மின்னூட்டம் இல்லாமல் இருக்கும். அவை சுவரில் கரைந்து உள்ளே நழுவும்; அங்கே ஒரு புரோட்டானைப் பிடித்து மின்னூட்டம் பெறும்; வாசலில் போய் அடைத்துக்கொள்ளும். சீழ் கட்டிய பல்லுக்கு ஊசி சரியாகப் பிடிக்காததற்கும் இது ஒரு காரணம். அங்கே அமிலம் அதிகம், மூலக்கூறுகளில் பெரும்பாலானவை வெளியிலேயே புரோட்டானைப் பிடித்துக்கொண்டு, சுவரைத் தாண்ட முடியாமல் நிற்கின்றன.

"வலியை மறைத்தால் டாக்டருக்கு எங்கே முறிவு என்று தெரியாது" என்பார் உறவில் ஒருவர். எக்ஸ்ரேக்கு நோயாளி அலற வேண்டியதில்லை. வண்டி வாங்கக் காட்டும் அக்கறையில் கொஞ்சத்தை அதில் வருபவரின் பயிற்சிக்கும் காட்டலாம் என்பது என் கட்சி.

பயிற்சி எதற்கு என்றால், மருந்து தவறி ரத்தக்குழாயில் போனால் வலிப்பு வரும், இதயமே நிற்கலாம். அதற்கு முறிமருந்து, ரத்தக்குழாய் வழியே உணவு ஏற்றப் பயன்படும் வெள்ளைக் கொழுப்புக் கரைசல். மருந்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். ஊசி போடும் வண்டியில் அதுவும் ஒரு பை இருக்க வேண்டும்.