நடுக்கடலில் தயாராகும் மின்சாரம் கரைக்கு வருவது எப்படி?

இங்கிலாந்தின் யார்க்‌ஷர் கரையிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர் தள்ளி, வட கடலில் நிற்கிறது ‘ஹார்ன்சி-1’ என்ற காற்றாலைப் பண்ணை. மொத்தம் 174 காற்றாலைகள், ஒவ்வொன்றும் 7 மெகாவாட். அவ்வளவு தூரம் போனதற்குக் காரணம் காற்றுதான். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் கிடைக்கக்கூடிய ஆற்றல் எட்டு மடங்காகும். மரமோ மேடோ குறுக்கிடாத கடலில் அது வேகமாகவும் சீராகவும் வீசும்.

எல்லாரும் 75 மீட்டர் இறக்கைகளைப் பார்த்து வியக்கிறார்கள். எனக்கென்னவோ கடலடியில் கிடக்கும் கேபிள்தான் பெரிய அதிசயம்.

அந்தக் கேபிளின் நடுவில் மின்கம்பி, அதைச் சுற்றிக் காப்புப் பொருள், அதற்கு வெளியே ஓர் உலோக உறை. இரண்டு உலோகங்களுக்கு நடுவே காப்புப் பொருள் இருந்தாலே அது மின்தேக்கிதான், அதாவது மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கும் அமைப்பு. நம் வீடுகளுக்கு வரும் ஏசி (மாறுதிசை) மின்சாரம் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னும் அலைகிறது. ஒவ்வொரு முறையும் குடத்தை நிரப்பிக் கொட்டுவதுபோல கேபிளை நிரப்பிக் காலி செய்ய வேண்டும். இதற்காக ஓடும் மின்னோட்டத்தால் ஒரு விளக்குகூட எரியாது. ஆனால் கம்பியைச் சூடாக்கும், உருப்படியான மின்சாரத்துக்கான இடத்தையும் பிடித்துக்கொள்ளும். கேபிள் நீள நீள இந்தத் தொல்லையும் கூடும். கோபுரங்களில் தொங்கும் கம்பிகளுக்கு இது மிகவும் குறைவு.

சரி, என்ன வழி? கம்பிச்சுருள். மின்தேக்கி வாங்கும் நேரத்தில் சுருள் கொடுக்கும், அது கொடுக்கும்போது சுருள் வாங்கும். ஆகவே அந்த வீண் மின்னோட்டம் கேபிள் நெடுக ஓடாமல் பக்கத்திலேயே தீர்ந்துவிடும். ஹார்ன்சியின் தூரத்துக்கு இரு முனைகளில் மட்டும் சுருள் வைத்தால் போதவில்லை. அதனால் வழியிலேயே, கடலுக்குள் ஒரு மேடை எழுப்பி அங்கும் வைத்தார்கள். உலகில் அப்படிப்பட்ட முதல் கடல் மேடை அதுதான். பிறகு வந்த டாகர் பேங்க் பண்ணை, ஒரே திசையில் ஓடும் டிசி மின்சாரத்துக்கே மாறிவிட்டது. அதில் இந்த நிரப்பிக் கொட்டும் வேலை இல்லை. ஆனால் ஏசியை டிசியாக்கவும் திரும்ப ஏசியாக்கவும் இரு முனைகளிலும் பெரிய நிலையங்கள் வேண்டும்.

கரை சேர்ந்த பிறகும் ஒரு சோதனை உண்டு. 2019 ஆகஸ்ட் 9 மாலை, லண்டனுக்கு வடக்கே ஒரு மின்பாதையில் இடி விழுந்தது. அந்தச் சின்ன அதிர்வைத் தாங்காமல் ஹார்ன்சியின் கட்டுப்பாட்டு அமைப்பு தடுமாற, 737 மெகாவாட் சட்டென்று போனது. லிட்டில் பார்ஃபர்ட் எரிவாயு மின்நிலையமும் நின்றது. சுமார் 11 லட்சம் இணைப்புகளில் மின்சாரம் இல்லை. ரயில்கள் வழியிலேயே நின்றன. காற்றாலையே வேண்டாம் என்பதற்கு இதைக் காரணமாகச் சொல்வது தவறு. நிலக்கரி நிலையங்களின் இடத்துக்கு வருகிற காற்றாலைகள், மின்தொகுப்பின் அதிர்வுகளையும் தாங்கப் பழக வேண்டும். ஹார்ன்சிக்குத் தேவைப்பட்டதும் புதிய இயந்திரமல்ல, மென்பொருளில் ஒரு திருத்தம்தான்.