பனியில் பேட்டரி இறங்காது: புதுசு வாங்குவதற்கு முன் லீக்கேஜ் பாருங்கள்

உறைபனி விழ ஆரம்பித்துவிட்டால் ஊட்டியில் எங்களைப் போன்ற ஆட்டோ எலக்ட்ரீஷியன்களுக்கு விடியும் முன்பே போன் வந்துவிடும். "அண்ணா, செல்ஃப் எடுக்கல, டக் டக்னு சத்தம் மட்டும் வருது. பனிக்கு பேட்டரி இறங்கிடுச்சு. புதுசு ஒண்ணு எடுத்துட்டு வந்துடுங்க." போன வாரம் இப்படிக் கூப்பிட்டவருக்கு அது ஒரே வருடத்தில் மூன்றாவது பேட்டரி. இதற்கு மேல் பொறுக்க முடியாமல்தான் எழுதுகிறேன்.

பனி பேட்டரியை இறக்குவதில்லை. சும்மா கிடக்கும் பேட்டரி தானாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும், உண்மைதான். ஆனால் அது வெயிலில்தான் வேகமாக நடக்கும். மே மாதம் மேட்டுப்பாளையத்தில் நிற்கும் வண்டியை விட, ஜனவரியில் தலைகுந்தாவில் நிற்கும் வண்டியில் பேட்டரி மெதுவாகவே இறங்கும். பேட்டரியின் ஆயுளைக் குறைப்பதும் சூடுதான். குளிர் செய்வது வேறு. பேட்டரிக்குள் நடக்கும் ரசாயன வேலை மந்தமாகி, 0 டிகிரியை ஒட்டும்போது அது கொடுக்கும் சக்தி ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். அதே நேரத்தில் இன்ஜின் ஆயில் கெட்டிப்பட்டு, செல்ஃப் மோட்டார் வழக்கத்தை விட அதிகக் கரண்ட் கேட்கும். முழு சார்ஜில் இருக்கும் நல்ல பேட்டரி இதைத் தாங்கிவிடும். பாதி சார்ஜில் இருப்பதுதான் படுத்துவிடும். அது பாதிக்கு இறங்கக் காரணம், நிறுத்திய வண்டியில் எங்கோ ஓசையில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும் கரண்ட், அதாவது லீக்கேஜ். கோடையில் அந்தப் பாதி சார்ஜே ஸ்டார்ட் பண்ணப் போதும் என்பதால் யாரும் கண்டுகொள்வதில்லை. டிசம்பர் வந்ததும் குட்டு வெளிப்படுகிறது, பழியைப் பனி மேல் போடுகிறோம். குழாய் ஒழுகும்போது தொட்டியை மாற்றி என்ன பயன்?

இதில் இன்னொரு நஷ்டமும் உண்டு. இறங்கிய நிலையிலேயே கிடக்கும் பேட்டரியின் தகடுகளில் சல்ஃபேட் படிந்து கெட்டியாகிவிடும். அப்புறம் எவ்வளவு சார்ஜ் போட்டாலும் நிற்காது. இப்படித்தான் புது பேட்டரியும் ஒரே சீசனில் பழசாகிறது.

எல்லா வண்டியிலும் கொஞ்சம் கரண்ட் ஓடத்தான் செய்யும். கடிகாரம், சென்ட்ரல் லாக், அலாரம், கம்ப்யூட்டரின் நினைவு எல்லாம் சேர்ந்து 20 முதல் 50 மில்லி ஆம்பியர் வரை போவது இயல்பு. 45 ஆம்பியர்-அவர் (Ah, பேட்டரியின் கொள்ளளவு) பேட்டரிக்கு 50 மில்லி ஆம்பியர் என்றால் ஒரு நாளைக்கு 1.2 Ah-தான் செலவு, ஒரு வாரத்துக்குக் கவலையில்லை. டிக்கி விளக்கு அணையாமல் எரிகிறது என்று வையுங்கள். 5 வாட் பல்புதான், ஆனால் ஒரு நாளைக்கு 10 Ah போய்விடும். சனிக்கிழமை நிறுத்தினால் திங்கள் காலை பாதிதான் மிச்சம்.

பேட்டரி மேலேயே குறையா, வண்டியில் லீக்கேஜா என்று பிரித்துப் பார்ப்பது ரொம்பச் சுலபம். சார்ஜரில் போட்டு முழுக்க ஏற்றி, நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி வைத்துவிட்டு இரவு விடுங்கள். காலையில் 12.6 வோல்ட்டை ஒட்டி இருந்தால் பேட்டரி சார்ஜைத் தக்கவைக்கிறது, வண்டியைத்தான் பார்க்க வேண்டும். கழற்றி வைத்தும் 12.2-க்கு வந்துவிட்டால் பேட்டரி போய்விட்டது. ஓடும்போது சார்ஜ் ஏறுகிறதா என்பதையும் பாருங்கள், பேட்டரி முனையில் 13.8 முதல் 14.5 வரை வர வேண்டும். அதைப் பார்ப்பதற்காக இன்ஜின் ஓடும்போது டெர்மினலைக் கழற்றும் பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அந்த நொடியில் எகிறும் வோல்டேஜ் கம்ப்யூட்டரையே காவு வாங்கும்.

லீக்கேஜ் தேடும்போது பலரும் தடுக்கி விழுவது பொறுமையில். நெகட்டிவ் கேபிளுக்கும் பேட்டரி முனைக்கும் நடுவில் மல்டிமீட்டரை 10 ஆம்பியர் சாக்கெட்டில் இணைத்ததும் 2, 3 ஆம்பியர் காட்டும். உடனே பதறி ஃபியூஸைப் பிடுங்க ஆரம்பித்துவிடுகிறார்கள். இப்போதைய வண்டிகள் தூங்கப் போகவே அரை மணி நேரம் எடுக்கும். பானெட்டைத் திறந்து, கதவுப் பூட்டின் கொக்கியை ஸ்க்ரூடிரைவரால் அழுத்தி மூடியதுபோல் ஆக்கி, ரிமோட் சாவியை வீட்டுக்குள் வைத்துவிட்டுக் காத்திருங்கள். (வேலை முடிந்ததும் கொக்கியை விடுவித்த பிறகுதான் கதவைச் சாத்த வேண்டும்.) மீட்டர் இணைப்பில் இருக்கும்போது ஸ்டார்ட் பண்ணாதீர்கள், மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். அரை மணி கழித்தும் அளவு குறையவில்லை என்றால், ஒவ்வொரு ஃபியூஸாக எடுங்கள். எதை எடுத்ததும் அளவு சடாரென்று விழுகிறதோ, அந்த லைனில்தான் லீக்கேஜ். எல்லா ஃபியூஸையும் எடுத்தும் குறையாவிட்டால் ஆல்டர்னேட்டர் (ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் கருவி) டயோடைச் சந்தேகிக்கலாம்.

நான் பார்த்தவரை கம்பெனி வயரிங்கில் குறை இருப்பது அபூர்வம். பின்னால் மாட்டியதுதான் வினை. மூன்று பேட்டரி மாற்றினாரே, அவர் வண்டியில் ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ. அதன் மஞ்சள் வயர் எப்போதும் கரண்ட் இருக்கும் நேர் லைனுக்குப் போக வேண்டும், நினைவுக்காக. சிவப்பு வயர் சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் லைனுக்கு. மாட்டியவர் இரண்டையும் ஒன்றாக முறுக்கி, நேர் லைனில் கொடுத்து டேப் சுற்றியிருந்தார். திரை அணைந்திருக்கும், உள்ளே பெட்டி இரவெல்லாம் விழித்திருக்கும். டேப்பைப் பிரித்து சிவப்பை உரிய லைனுக்கு மாற்றியதோடு வேலை முடிந்தது. டேஷ்கேம், ஜிபிஎஸ் டிராக்கர், கூடுதல் ஃபாக் லைட் எல்லாமே இந்த வரிசைதான். அப்புறம் எலி. குளிருக்கு இன்ஜின் சூட்டைத் தேடி வந்து வயரைக் கடித்து வைக்கும். எங்கள் மலையில் அதையும் பார்க்காமல் விட முடியாது.

வண்டியை வாரக்கணக்கில் நிறுத்திவிட்டுக் கோவைக்கும் சென்னைக்கும் போகிறவர்கள், பத்தாம் நம்பர் ஸ்பேனரால் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றிவிட்டுப் போங்கள். கதவைத் திறக்கும் சாதா சாவியைக் கையோடு வைத்திருங்கள், ரிமோட் வேலை செய்யாது. தினமும் காலையில் பத்து நிமிடம் ஐடிலில் ஓட்டினால் சார்ஜ் ஏறிவிடும் என்று நம்பாதீர்கள், ஸ்டார்ட் பண்ண ஆன செலவை ஈடுகட்டினாலே பெரிய விஷயம். அதையும் குளிருக்குப் பயந்து ஷெட் கதவைச் சாத்திக்கொண்டு செய்கிறார்களே, கைகூப்பிக் கேட்கிறேன், வேண்டாம். அந்தப் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது.

இறக்கம் இருக்கிறதே என்று உருட்டி ஸ்டார்ட் பண்ணுவதும் வேண்டாம். இன்ஜின் ஓடாதபோது பிரேக் கல்லாக இறுகும், பவர் ஸ்டீயரிங் திரும்பாது. கியர் பிடிக்காவிட்டால் அடுத்த கொண்டை ஊசி வளைவில் வண்டியை எதை வைத்து நிறுத்துவீர்கள்? ஜம்பர் கேபிள் வாங்கி டிக்கியில் போட்டுவையுங்கள். கருப்புக் கேபிளின் கடைசி முனையை இறங்கிய பேட்டரியில் மாட்டாமல், தள்ளி இன்ஜின் இரும்பில் மாட்டுங்கள். பேட்டரி விடும் ஹைட்ரஜன் வாயுவுக்குப் பக்கத்தில் தீப்பொறி கூடாது.

எங்களிடம் வண்டி கொண்டுவரும்போது, கடைசியாக என்ன மாட்டினீர்கள், எத்தனை நாள் நின்றால் இறங்குகிறது என்ற இரண்டை மட்டும் மறைக்காமல் சொல்லுங்கள். பாதி நேரம் மிச்சமாகும், கூலியும் குறையும்.