அடைபட்ட சிரையைத் திறந்தால் மட்டும் போதுமா?

கால் சிரையில் உறைந்த ரத்தக்கட்டி கரையாமல் மாதக்கணக்கில் தங்கிவிட்டால், உடல் அதை நார்த்தழும்பாக மாற்றிவிடும். தழும்பு சுவரோடு ஒட்டிக் குழாயைச் சுருக்கும். உள்ளே குறுக்கும் நெடுக்குமாக இழைகள் ஓடும். அந்தக் கட்டத்தில் கட்டியைக் கரைக்கும் மருந்துக்கு வேலையில்லை. கால் வீங்கிக் கனக்கும், தோல் கறுக்கும், சிலருக்குக் கணுக்கால் பக்கம் ஆறாத புண் வரும்.

இடது கால்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறது. வலது காலுக்குப் போகும் தமனி, இடுப்புக்குள் இடது சிரையைக் குறுக்கே கடந்து, முதுகெலும்போடு சேர்த்து அழுத்துகிறது. மே (May), தர்னர் (Thurner) என்ற இரு மருத்துவர்கள் 1957-இல் 430 சடலங்களை ஆராய்ந்தபோது, 22 சதவீதத்தில் அந்த இடத்துச் சிரைக்குள் தடிப்பு இருந்தது.

இதற்கான சிகிச்சையைச் சொல்வது சுலபம். தொடை வழியாகவோ கழுத்து வழியாகவோ மெல்லிய கம்பியை நுழைத்து, பலூனால் விரித்து, குழாய் மறுபடி சுருங்காமல் தாங்கும் வலைக்குழாயான ஸ்டென்ட் வைப்பார்கள். ஆனால் பழைய அடைப்பில் கம்பி நுழையவே மணிக்கணக்காகலாம். எக்ஸ்ரே படத்தில், அடைப்பைச் சுற்றி ரத்தம் போகும் பக்கவழிச் சிரைகள் பளிச்சென்று தெரிந்து, உண்மையான பாதையை மறைத்துவிடும். அதனால் குழாய்க்குள்ளேயே போகும் அல்ட்ராசவுண்ட் கருவி தேவைப்படுகிறது. அளவும் முக்கியம். இதயத் தமனிக்கு சுமார் 3 மில்லிமீட்டர் ஸ்டென்ட் என்றால், இடுப்புச் சிரைக்கு 14 முதல் 16 மில்லிமீட்டர். சிறியதை வைத்தால் அது நழுவி இதயம்வரை போன சம்பவங்களும் உண்டு.

இவ்வளவும் சரியாக முடிந்தாலும், என் பார்வையில் மிகக் கடினமான கேள்வி ஸ்டென்டுக்குக் கீழே, தொடையில் இருக்கிறது: ஸ்டென்டுக்குள் ரத்தம் எங்கிருந்து வரப்போகிறது? தமனியில் இதயம் வேகமாகத் தள்ளிவிடுகிறது. சிரையில் அழுத்தம் குறைவு, ஓட்டம் மெதுவு. தொடைச் சிரையும் ஆழ்தொடைச் சிரையும் தழும்பேறியிருந்தால், மேலே எவ்வளவு அகலமாகத் திறந்தாலும் அது தண்ணீர் வராத வாய்க்கால்தான். தேங்கும் ரத்தம் ஸ்டென்டுக்குள் மறுபடி உறையும். அதனால்தான் ஸ்டென்டின் கீழ்முனை நல்ல ஓட்டமுள்ள இடத்தில் முடிய வேண்டும் என்பதற்காக, சில சமயம் மடிந்து நிமிரும் தொடை இடுக்கைத் தாண்டியும் நீட்டுகிறார்கள். அதுவும் போதாதபோது, தொடையை அறுத்துத் தழும்பைச் சுரண்டி எடுத்து, ஓட்டத்தைக் கூட்ட ஒரு தமனியோடு தற்காலிகமாக இணைப்பார்கள். இது பெரிய அறுவை. காயத்தில் தொற்று, ரத்தக்கசிவு என்று தொல்லைகளும் கூடவே வரும்.

அப்புறம் ஒன்று: அடிவயிற்றில் புடைத்துத் தெரியும் சிரைகளை அழகுக்காக எடுத்துவிடக் கூடாது. அடைப்பு இருக்கும்வரை ரத்தம் திரும்பும் வழி அதுதான்.

ஸ்டென்ட் வைத்தபின் ரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்டு. முதல் சில வாரங்கள் ஸ்கேன் அவசியம். ஆனால் ரத்தம் கீழே திரும்பாமல் தடுக்கும் சிரை வால்வுகளைத் தழும்பு கெடுத்திருந்தால், அவற்றை ஸ்டென்ட் சரிசெய்யாது. அதனால், குழாய் திறந்தபிறகும் பலர் அழுத்தக் காலுறையை விட முடிவதில்லை.