ஒவ்வாமை, தாளாமை: ‘சேராது’ என்பதற்குள் இருக்கும் இரண்டு நோய்கள்

கத்தரிக்காய் சேராது, பால் ஒத்துக்காது, இறால் அலர்ஜி. நம் வீடுகளில் இந்த மூன்றையும் ஒரே அர்த்தத்தில்தான் சொல்கிறோம். பேச்சுக்கு இது போதும். ஆனால் எந்தச் சாப்பாடு தொந்தரவு செய்கிறது என்று வீட்டிலேயே கண்டுபிடிக்க நினைப்பவர்கள் முதலில் இந்தச் சொற்களைப் பிரித்துக்கொள்வது நல்லது. ஒன்றை வீட்டில் சோதித்துப் பார்க்கலாம், இன்னொன்றைச் சோதித்தால் உயிருக்கே ஆபத்து வரலாம்.

அலர்ஜி என்பது நூற்றுச் சொச்சம் வருடப் பழமையுள்ள சொல். 1906-இல் வியன்னாவைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் கிளெமென்ஸ் வான் பிர்கே உருவாக்கியது. கிரேக்க மொழியில் அல்லோஸ் என்றால் வேறு, எர்கோன் என்றால் செயல். அந்தக் காலத்தில் தொண்டை அடைப்பான் நோய்க்குக் குதிரையின் சீரத்தை, அதாவது ரத்தம் உறைந்த பின் பிரியும் தெளிந்த நீரை, ஊசியாகப் போடுவார்கள். முதல் ஊசியில் பெரிதாக ஒன்றும் ஆகாத குழந்தைகள் சிலருக்கு, இரண்டாவது ஊசியில் தடிப்பும் காய்ச்சலும் விரைவாகவும் கடுமையாகவும் வந்தன. ஒரு பொருளை முன்பே சந்தித்த உடம்பு அடுத்த முறை வேறு விதமாக நடந்துகொள்கிறது, அதைத்தான் அந்தப் பெயரில் அடக்கினார். அவர் காலத்தில் நோய் எதிர்ப்பாற்றல் உண்டாவதும் அந்தச் சொல்லுக்குள் அடங்கியது. உடம்பு தனக்கே தீங்கு செய்துகொள்வது என்ற இன்றைய பொருள் பிறகு குறுகி வந்தது.

தமிழில் இதற்கு நிலைத்துவிட்ட சொல் ஒவ்வாமை. ஒவ்வு என்றால் பொருந்து, இசைந்து போ. அதோடு எதிர்மறை காட்டும் ‘ஆ’ எழுத்தும் ‘மை’ விகுதியும் சேர்ந்தால் ஒவ்வாமை. நாம் பேச்சில் சொல்லும் ‘ஒத்துக்காது’ என்பதும் இதே ‘ஒ’ என்ற வேரில் பிறந்ததுதான். ஒப்பு, ஒத்த எல்லாம் இந்தக் குடும்பம். ஆகவே இது அகராதிக்காகச் செய்த சொல் போல எனக்குத் தோன்றியதே இல்லை.

பழைய வழக்கும் நமக்கு உண்டு. கண்ணுக்குத் தெரியாமல் ஏதோ கடித்ததுபோல உடம்பெங்கும் திடீரென்று தடிப்பதைச் சித்த மருத்துவம் காணாக்கடி என்கிறது. தோல் நோயைக் கிளப்பும் உணவுகளுக்குக் கரப்பான் பண்டம் என்று பெயர். யாழ்ப்பாணத்தில் இவற்றைக் கிரந்திச் சாப்பாடு என்பார்கள். இவை பலகால அனுபவத்தைச் சொல்லும் பெயர்கள். ஆனால் எல்லோருக்கும் பொதுவாகச் சில உணவுகளை விலக்கச் சொல்பவை. ஒவ்வாமையோ ஆளுக்கு ஆள் மாறுவது.

அது எங்கே ஒளிந்திருக்கிறது என்பதை 1921-இல் இரண்டு மருத்துவர்கள் தங்கள் உடம்பிலேயே காட்டினார்கள். கூஸ்ட்னருக்கு மீன் ஒவ்வாது. அவருடைய ரத்தத்திலிருந்து சீரத்தை எடுத்து, மீன் ஒத்துக்கொள்ளும் பிரவுஸ்னிட்ஸின் வயிற்றுத் தோலில் செலுத்தினார்கள். மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றை ஊசியால் ஏற்றியதும், அங்கே தடித்துச் சிவந்தது. ரத்தத்தில் இருக்கும் ஏதோ ஒன்று மீனை அடையாளம் வைத்திருக்கிறது என்பது தெரிந்துபோனது. அது ஐஜிஇ என்ற எதிர்ப்புப் புரதம் என்று 1960-களில் கண்டுபிடித்தார்கள்.

பால் குடித்து வயிறு உப்பினால் பெரும்பாலும் இந்தக் கதையே கிடையாது. பாலிலுள்ள லாக்டோஸ் சர்க்கரையை உடைக்கும் லாக்டேஸ் நொதி குடலில் குறைந்துவிட்டது, அவ்வளவுதான். இன்டாலரன்ஸ் எனப்படும் இதைச் சிலர் ‘சகிப்புத்தன்மையின்மை’ என்று எழுதுகிறார்கள். அது அரசியல் மேடைச் சொல்லாகவே காதில் விழுகிறது. தாளாமை என்று சொல்லலாம். வலி தாளவில்லை, வெயில் தாளவில்லை என்று தினமும் புழங்கும் சொல். அளவையும் அது உள்ளே வைத்திருக்கிறது. பால் ஒரு டம்ளர் தாளாதவருக்குக் காபியில் விடும் பால் தாளும். உறையும்போதே லாக்டோஸ் ஓரளவு குறைந்துவிடுவதால் தயிரும் தாளலாம். பால் புரதமே ஒவ்வாத குழந்தைக்கோ ஒரு சொட்டுத் தயிரும் ஆகாது.

வீட்டில் பிரித்துப் பார்க்க நேரமும் அளவும்தான் துப்பு. ஒவ்வாமை பெரும்பாலும் சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தெரியும்: தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி, மூச்சு இழுப்பு. ஒரு நோட்டில் சாப்பிட்டது, சாப்பிட்ட நேரம், அறிகுறி வந்த நேரம், விழுங்கிய மாத்திரை எல்லாவற்றையும் எழுதுங்கள். மாத்திரையை விட்டுவிடாதீர்கள், வலி மாத்திரையும் தடிப்பைக் கொண்டுவரும். காய்ச்சல், சளி இருந்ததா என்றும் குறியுங்கள். குழந்தைகளுக்கு வைரஸ் காய்ச்சலில் வரும் தடிப்புக்கு அன்று தின்ற முட்டைமேல் பழி விழுவது சகஜம்.

அப்புறம், பெயரில்லாமல் உள்ளே வரும் பொருள்களைத் தேடுங்கள். கட்டிப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும், கோதுமையை விலக்கிய வீட்டிலும் சாம்பார் வழியே அது வந்துவிடும். இட்லிப் பொடியில் எள், ஓட்டல் சட்னியில் நிலக்கடலை, இலங்கைச் சம்பலில் மாசிக் கருவாடு. இந்தியாவில் பாக்கெட் உணவுகளில் பால், முட்டை, மீன், நண்டு இறால் வகை, நிலக்கடலை, கொட்டை வகைகள், சோயா, குளூட்டன் என்ற புரதம் உள்ள கோதுமை போன்ற தானியம் இருந்தால் தனியே அச்சிட வேண்டும் என்பது 2020-ஆம் வருட விதி.

வயிற்று உப்புசம், வயிற்றுப்போக்கு மட்டும்தான் என்றால், சந்தேகப்படும் ஒரே ஒரு உணவை இரண்டிலிருந்து நான்கு வாரம் நிறுத்தி, பிறகு கொஞ்சமாகச் சேர்த்துப் பார்க்கலாம். நாலைந்தைச் சேர்த்து நிறுத்தினால் எது காரணம் என்றே தெரியாது. வளரும் குழந்தைக்குப் பாலையோ கோதுமையையோ மருத்துவரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம். நூறு உணவுகளுக்கு ஒரே ரத்தத்தில் ஐஜிஜி (இது ஐஜிஇ அல்ல, வேறோர் எதிர்ப்புப் புரதம்) சோதனை என்று விற்பதற்கும் பணம் கொடுக்காதீர்கள். அந்த உணவை நீங்கள் சாப்பிட்டிருக்கிறீர்கள் என்பதைத்தான் அது பெரும்பாலும் காட்டும்.

மூச்சுத் திணறலோ, முக வீக்கமோ, மயக்கமோ ஒருமுறை வந்திருந்தால் அந்த உணவை ‘கொஞ்சம் கொடுத்துப் பார்ப்போம்’ என்ற பேச்சே கூடாது. அதைச் சோதிக்கும் இடம் ஆஸ்பத்திரி. திரும்ப வந்துவிட்டால் அட்ரினலின் ஊசிதான் மருந்து, வாந்தி எடுக்க வைப்பதிலும் மோர் கொடுப்பதிலும் நேரம் போக்காமல் தமிழ்நாட்டில் 108-ஐ, இலங்கையில் 1990-ஐ அழையுங்கள். கல்யாணப் பந்தியில் பரிமாறுபவரிடம் மட்டும் ‘சேராது’ என்று சொல்லாதீர்கள், ‘ஒரு வாய் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது’ என்று இலையில் வைத்துவிடுவார். ‘அலர்ஜி, மூச்சு நின்றுவிடும்’ என்றே சொல்லுங்கள்.